தீப்பெட்டி ஆபீஸுக்கு ஒரு எம்.பி.ஏ. வந்திருக்காரு

ஏலே பேராண்டி, இப்படி வந்து ஒக்காரு. லேப்டாப்பை மூடிவை. மூட மனசு வரலையா, சரி, தொறந்தே கெடக்கட்டும். அதுவும் ரெண்டு நல்லது கெட்டது கேட்டுக்கிடட்டும்.

நேத்து நீ போன்ல பேசுனது திண்ணை வரைக்கும் கேட்டுச்சு. வடக்கேருந்து ஒரு யாவாரி ஆயிரம் பண்டல் தீப்பெட்டி கேக்கான். பண்டல் 400 ரூவாய்க்குத் தருவியாங்கான். நீ கம்ப்யூட்டர்ல நாலு தட்டுத் தட்டிட்டு, "சாரி சார், எங்களுக்கு அடக்கமே 430 ஆகுது, பண்டலுக்கு முப்பது ரூபா நட்டம்"னு சொல்லிப் போனை வச்சுட்ட. வச்ச கையோட ஒரு ஏப்பம் வேற. முப்பதாயிரம் ரூவாயை மிச்சம் புடிச்ச தெம்புல வந்த ஏப்பம். எனக்குத் தெரிஞ்சு முப்பதாயிரத்தைத் தொலைச்சுட்டு ஏப்பம் விட்ட மொத ஆளு நீதான்.

மொறைக்காத. அந்த 430-ஐப் பிரிச்சுக் காட்டு பாப்போம். குச்சி, மேல்பெட்டி அட்டை, உள்பெட்டி அட்டை, மெழுகு, குளோரேட்டு, பாஸ்பரஸ், லேபிள், கூலி, கரண்டு. எல்லாம் சேத்து 370. அது வரைக்கும் எனக்கும் சம்மதம். மிச்சம் 60 எங்கேருந்து வந்துச்சு? வாச்மேன் சம்பளம், பேங்க் வட்டி, லைசென்ஸ், கணக்கெழுதுத பிள்ளை சம்பளம், நீ சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் கார்ல போய்ட்டு வார டீசல். இதையெல்லாம் வருசத்துக்குக் கூட்டி, போடுத பண்டலால வகுத்து, பண்டலுக்கு அறுவதுன்னு ஒட்டவச்சிருக்க. வகுத்தல் சரிதான். பள்ளிக்கூடத்துலயே உனக்கு வகுத்தல் நல்லா வரும்.

ஆனா ஒண்ணு கேக்கேன். அந்த ஆயிரம் பண்டலை நீ போட்டாலும் வாச்மேன் சம்பளம் வாங்குவான். போடலைன்னாலும் வாங்குவான். ஆர்டர் புஸ்தகத்தைப் பாத்தா அவன் காவல் காக்கான்? பேங்க்காரன் நீ எத்தனை பண்டல் போட்டன்னா கேட்டு வட்டி எடுக்கான்? அந்த அறுவது எப்படியும் போற காசு. இந்த ஆர்டரால புதுசா போறது 370, புதுசா வாரது 400. பண்டலுக்கு முப்பது கைக்கு வருது. அதுவும் எந்த நேரத்துல? வாரத்துல ரெண்டு நாளு மிஷினுக்கு ஆர்டரே இல்லாத நேரத்துல. இதைத்தான் உனக்கு மார்ஜினல் காஸ்ட்டுன்னு கோயம்புத்தூர்ல பீஸு வாங்கிச் சொல்லிக் குடுத்திருக்காக. அதைப் பரீட்சைத் தாள்ல எழுதி வச்சுட்டு ஊருக்கு வந்துட்ட.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கியா? ஹாஸ்டலைக் காலி பண்ணும்போது ஒரு அட்டைப்பெட்டியில புஸ்தகமாக் கொண்டாந்து பரண்ல போட்டியே, அதுல ஒண்ணை எடுத்தேன். முதுகு மடியல, பக்கம் பிரியல, புதுமணம் மாறல. உன் காசுக்கு அதைப் பிரிச்சுப் படிச்ச புண்ணியம் எனக்கு. ஜோயல் டீன்னு ஒரு அமெரிக்காக்காரன் 1951-லயே இந்த நுண்பொருளியலை முதலாளிமாரு மேசைக்குக் கொண்டாந்து புஸ்தகம் போட்டிருக்கான். நான் ஆபீஸ்ல கணக்கு எழுதுன காலத்துல அது என் கையில கெடைச்சிருந்தா, முதலாளியோட போட்ட பாதிச் சண்டை மிச்சமாயிருக்கும்.

உன்னைய மட்டும் கேலி பண்ணுதேன்னு நினைக்காத. 1939-ல ஆக்ஸ்போர்டுல ஹாலு, ஹிட்சுன்னு ரெண்டு வாத்தியாரு, 38 முதலாளிமாரைக் கூப்புட்டு வச்சு, விலையை எப்படிய்யா வைக்கீகன்னு கேட்டிருக்காக. பாடத்துல இருக்கபடி, கூட ஒண்ணு செஞ்சா செலவு எவ்வளவு, வரவு எவ்வளவுன்னு பாக்கோம்னு சொல்லணும்லா? பெரும்பாலானவுக அப்படிச் சொல்லல. மொத்த அடக்கத்தைப் போட்டு, மேல கொஞ்சம் லாபம் வச்சு விக்கோம்னுட்டாக. நீ செஞ்சதேதான். ஆக உனக்கு ஆக்ஸ்போர்டு வரைக்கும் சொந்தபந்தம் இருக்கு, சந்தோசப்பட்டுக்கோ.

அவுகளை முட்டாளுன்னு நான் சொல்லமாட்டேன். வருசம் பூரா எல்லாப் பண்டலையும் 400-க்கு வித்தா, அந்த அறுவதை யாரு தாரது? வாச்மேனுக்கு நம்ம தோட்டத்துப் புளியையா அளந்து குடுப்ப? வழக்கமா எடுக்குத யாவாரிக்கு வைக்கிற விலையில எல்லாச் செலவும் ஏறித்தான் ஆகணும். மிஷினு சும்மா நிக்கையில வாசலுக்கு வார ஒத்த ஆர்டரை மட்டும், அதனால கூடுத செலவு எவ்வளவுன்னு பாத்து எடுக்கணும். புஸ்தகம் இந்த அளவோட நிறுத்திருது. யாவாரம் நிறுத்தாது. நாக்பூர்க்காரரு இத்தனை வருசமா 450-க்கு எடுக்காரு. பக்கத்து ஊருக்காரனுக்கு 400-க்குக் குடுத்தது அவரு காதுக்குப் போச்சுன்னா, அடுத்த லோடுக்கு அவரும் 400 தான் தருவாரு. முப்பதாயிரத்தைப் புடிக்கப் போய் அம்பது அம்பதாக் கொட்டிட்டு வருவ. அதனால புது ஆளுக்குக் குடுக்கணும்னா வேற லேபிள் போடு, வேற படம் போடு, நாக்பூர் பக்கம் வராத சீமையாப் பாத்து அனுப்பு. நம்ம ஊர்ல ஒரே குச்சி பத்து லேபிள்ல போகுதே, அச்சாபீஸ்காரன் பொழைக்கணும்னு மட்டுமா போகுது?

சரி, அந்த மிஷினு கதைக்கு வருவோம்.

பேங்க்ல கடன் வாங்கி அதை எறக்குன. மால போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, எனக்கும் ஒரு துண்டு போட்ட. அன்னைலேருந்து உன் வாயில ஒரே மந்திரம்: "போட்ட காசை எடுக்கணும் தாத்தா." எடுக்கணும், வேண்டாம்னு யாரு சொன்னா? அதுக்காக ஆர்டர் இல்லாத நாளும் ராத்திரி ஷிப்டு ஓட்டி, குடோன்ல உத்தரம் வரைக்கும் பண்டலை அடுக்கி வச்சிருக்க. ஐப்பசி அடைமழை வந்தா அதுல பாதி நமத்துப்போகும். இந்தச் சீமையில தீப்பெட்டி வளந்ததே இங்க மழை கம்மி, காத்து ஒணக்கைங்கிறதாலதான். அந்த நாலு ஈர நாளைக்குச் சரக்கைச் சேத்து வைக்கிறவனை என்னன்னு சொல்லுறது?

போட்ட காசு போட்ட காசுதான். அதைக் கேட்டு இன்னைக்கு முடிவெடுக்கப்பிடாது. நீ கேக்க வேண்டியது வேற. இந்த மிஷினை நாளைக்கு வித்தா எவ்வளவுக்குப் போகும்? அந்தக் காசை வேற எதுல போட்டா வருசத்துக்கு என்ன கெடைக்கும்? அதுக்கு மேல இந்த மிஷினு சம்பாதிச்சுத் தந்தா ஓட்டு. தரலைன்னா, துண்டு போட்ட அன்னைக்கு எடுத்த போட்டோவை மட்டும் வச்சுக்கிட்டு மிஷினை விட்டுரு. நீ வாங்குன விலை சீட்டுல இருக்கு. அது உனக்கும் பேங்குக்கும் உள்ள பேச்சு. மிஷினுக்கு அந்த விலை தெரியாது.

இதுல நம்ம ஊருக்காரவுக உனக்கு மூத்தவுக. 1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலேருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைப் படிச்சாக. திரும்பி வந்து ஜெர்மனி மிஷினை வரவழைச்சுத்தான் ஆரம்பிச்சாக. ஜெர்மனியிலேருந்து வந்த மிஷினாச்சே, ஊருக்கு முன்னால கௌரவமாச்சேன்னு கட்டிப்புடிச்சுக்கிட்டு அழல. கொஞ்ச வருசத்துல கைவேலைக்கு மாறிட்டாக. மானம் பாத்த பூமி, வெள்ளாமை பொய்ச்சா வீட்டுக்கு ரெண்டு பேரு சும்மா இருக்காக. கூலி கம்மி, மிஷினு ஒசத்தி. எது மலிவோ அதைக் கூட வை, எது ஒசத்தியோ அதைக் கொறைச்சுக்கோ. அவ்வளவுதான் கணக்கு. அடுத்த வருசம், 1923-ல, சுவீடன்காரன் கம்பெனி விம்கோங்கிற பேர்ல பெரிய பெரிய மிஷினோட இந்தியாவுக்குள்ள வந்தான். அவன் ஊர்ல ஆள் கூலி ஒசத்தி, வட்டி கம்மி. அதனால அவனுக்கு மிஷினு பழக்கம். ரெண்டு பேருமே கெட்டிக்காரன்தான். கணக்கு ஒண்ணு, போட்ட எண்ணுதான் வேற.

இப்ப அந்த எண்ணு திரும்பிருச்சு. வீட்டுக்கு ரெண்டு பேரு சும்மா இல்லை. வாசல்ல வந்து நிக்கிற வேனை எண்ணிப் பாரு: நூல் மில்லு வேன், பட்டாசு வேன், ஜவுளிக் கம்பெனி வேன். வேனே வேண்டாம்னா ஊர்லயே சர்க்காரு குடுக்குத வேலை. நீ என்னடான்னா, "லேபர் கெடைக்கல தாத்தா, ஜனங்க சோம்பேறியாயிட்டாங்க"ங்க. ஏலே, கட்டை அடுக்குத பொம்பளை விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சுச் சோறு பொங்கி வச்சுட்டு வாரா. நீ எட்டரைக்கு எந்திரிக்க. சோம்பேறின்னு யாரை யாரு சொல்லுறது? கெடைக்கலைங்கிறதுக்குப் பின்னால ஒரு வார்த்தையை முழுங்கிட்ட: நான் குடுக்குத கூலிக்குக் கெடைக்கல. பக்கத்து வேன்காரன் குடுக்கிறதுக்கு மேல பத்து ரூவா வச்சுக் குடு, யாரும் சோம்பேறியா இருக்காகளான்னு பாப்போம்.

மிஷினா ஆளாங்கிறதை நீ மட்டும் முடிவு பண்ணுறதா நினைப்பு வேற. 2017-ல ஜி.எஸ்.டி. வந்தப்ப கைவேலைத் தீப்பெட்டிக்கு 5 சதம், மத்ததுக்கு 18 சதம்னு வச்சாக. 13 சதம் வித்தியாசத்துல எத்தனையோ கைவேலை ஆபீஸு தாக்குப்புடிச்சுச்சு. 2020 ஏப்ரல்லேருந்து எல்லாத்துக்கும் 12-ன்னு ஆக்குனாக. ஒரே கையெழுத்து. மிஷினுக்காரன் முகம் மலந்துச்சு, கைவேலைக்காரன் முகம் தொங்குச்சு. அதனால மிஷினு வாங்குமுன்னால கம்பெனி கேட்லாக்கை மட்டும் பாக்காத, டெல்லியில எப்பக் கூட்டம் போடுதாகன்னும் பாரு.

விலைக்கு வருவோம். எனக்கு இந்தக் கதைதான் ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் நேரமாகும், டீ சொல்லு.

1995-ல தீப்பெட்டி 50 பைசா ஆச்சு. 2007-ல ஒரு ரூவா. அதுக்குப் பெறகு 2021 டிசம்பர் 1-ந் தேதி வரைக்கும், 14 வருசம், அதே ஒரு ரூவா. அந்தப் பதினாலு வருசத்துல டீ எத்தனை தடவை ஏறுச்சு, பஸ்ஸு எத்தனை தடவை ஏறுச்சு, உன் ஹாஸ்டல் பீஸு எத்தனை தடவை ஏறுச்சு! தீப்பெட்டி மட்டும் நட்டுவச்ச கல்லா நின்னுச்சு. 2021-ல தீப்பெட்டிச் சங்கத்துக்காரவுக பேப்பர்க்காரவுககிட்டச் சொன்ன கணக்கைக் கேளு: சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425-லேருந்து 810, மெழுகு 58-லேருந்து 80, மேல்பெட்டி அட்டை 36-லேருந்து 55, உள்பெட்டி அட்டை 32-லேருந்து 58. இத்தனையும் ஏறிக்கிட்டிருக்கும்போது விலை ஏன் ஏறல?

உன் பாடத்துல இதுக்குப் பதில் இருக்கு. நான் சொன்னேனே ஹாலு, ஹிட்சு, அவுகளே அதே 1939-ல எழுதியிருக்காக. அமெரிக்காவுல ஸ்வீசின்னு ஒருத்தனும் தனியா அதே வருசம் எழுதியிருக்கான். நீ ஒருத்தன் மட்டும் ஏத்துனா எவனும் கூட ஏத்தமாட்டான், உன் யாவாரி பூரா அவன்ட்டப் போயிருவான். நீ எறக்குனா எல்லாரும் எறக்கிருவான், உனக்கு ஒண்ணும் மிச்சமாகாது. ஏத்தவும் பயம், எறக்கவும் பயம். அதனால விலை நின்ன எடத்துல நிக்கும். நம்ம ஊர்ல இதோட இன்னொரு வில்லங்கமும் சேந்துக்கிடுச்சு: சில்லறை. 25 பைசாவும் அதுக்குக் கீழ உள்ள காசும் 2011 ஜூனோட செல்லாமப் போச்சு. 50 பைசா செல்லும்னு சட்டம் சொல்லுது, பெட்டிக்கடைக்காரரு சொல்லமாட்டாரு. அப்ப ஒண்ணே கால் ரூவாய்க்கோ ஒண்ணரை ரூவாய்க்கோ தீப்பெட்டி விக்க முடியாது. ஒரு ரூவாயை விட்டா ரெண்டு ரூவா. ஒரே தாவு, இரட்டிப்பு. அதைத் தனியா எவன் தாவுவான்? அஞ்சு சங்கமும் சிவகாசியில கூடித்தான் தாவுனாக.

இப்ப நீ பண்ணுன காரியத்துக்கு வாரேன். போன வருசம் தீபாவளிக்குப் பெறகு உனக்கு ஒரு ஞானம் பொறந்துச்சு. "தீப்பெட்டிக்கு டிமாண்ட் இன்எலாஸ்டிக் தாத்தா. வீட்டுச் செலவுல அது தூசி. விலை கூடுனாலும் வாங்கத்தான் செய்வாங்க"ன்னு பண்டலுக்கு 20 ரூவா ஏத்துன. பாடம் பாடம்தான், தப்பே இல்லை. வீட்டு அடுப்புக்கு, சாமி வெளக்குக்கு, மாசத்துக்கு ரெண்டு மூணு பெட்டி வாங்குத பொம்பளை ஒரு ரூவா கூடுச்சுன்னு இருட்டுல ஒக்காரமாட்டா. ஆனா அவ வாங்குறது தீப்பெட்டி. உன் தீப்பெட்டி இல்லை. மயிலு படம் போட்டது இல்லைன்னா மானு படம் போட்டதை எடுத்துட்டுப் போவா. கடைக்காரன் எதைக் கையில குடுக்கானோ அதுதான் அவளுக்கு. ஊரு மொத்தத் தொழிலுக்கு வளையாத கிராக்கி, உன் ஒத்த லேபிளுக்கு நாணலாட்டம் வளையும். நீ ஊருக்கு உள்ள கணக்கை உன் வீட்டுக்குப் போட்டுட்ட. ரெண்டு மாசத்துல எத்தனை லோடு கொறைஞ்சுச்சுன்னு நான் சொல்லல, உன் முகத்துல எழுதியிருந்துச்சு.

இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு, பேனாவை எடுத்துக்கோ. 2021-ல 600 பெட்டி கொண்ட பண்டலை ஆபீஸ்காரவுக 270-லேருந்து 300 ரூவாய்க்குள்ள குடுத்துக்கிட்டிருந்தாக. அதை 430-லேருந்து 480 ஆக்கப்போறோம்னு சொன்னாக. வரியும் லாரி வாடகையும் தனி. மேல் விலையவே வச்சுப் பாரு. முந்தி 300, பெட்டிக்கு 50 பைசா, வரியோட 56 பைசா. கடையில ஒரு ரூவா. நடுவுல 44 பைசா. ஏத்துன பெறகு 480, பெட்டிக்கு 80 பைசா, வரியோட 90 பைசான்னு வை. கடையில ரெண்டு ரூவா. நடுவுல 1 ரூவா 10 பைசா. ஆக, வாங்குதவன் கூடக் குடுத்த ஒரு ரூவாயில, மருந்து முக்கி, கட்டை அடுக்கி, குச்சி அடைச்சு, பெட்டி ஒட்டுன எடத்துக்கு வந்தது 30 பைசா. சர்க்காருக்கு மூணரை பைசா சொச்சம். மிச்சம் 66 பைசா லாரி, ஏஜெண்டு, மொத்த யாவாரி, பெட்டிக்கடைன்னு வழியிலயே எறங்கிருச்சு. சொன்ன விலை சொன்னபடி கைக்கு வந்திருந்தாத்தான் இந்த முப்பதும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு நம்மாளு சும்மாவா சொன்னான்?

ஏன் அப்படிப் போச்சு? யாருக்கு மாத்து வழி இருக்கோ அவன் கைதான் ஓங்கும். மொத்த யாவாரிக்கு நீ இல்லைன்னா கழுகுமலையில ஒருத்தன், எட்டயபுரத்துல ஒருத்தன், குடியாத்தத்துல ஒருத்தன். உனக்கு அவன் இல்லைன்னா? குடோனும் ஐப்பசி மழையும். நீ மார்க்கெட்டிங்னு சொல்லி லேபிளுக்குப் புது டிசைன் போட ஒரு பொடியனுக்கு அத்தனை பணம் குடுத்தியே, அந்தக் காசுல வடக்கே ரெண்டு புது ஊர்ல நேரா எடுக்கிற ஆளைப் புடிச்சிருந்தா, அந்த 66 பைசாவுல அஞ்சாறு பைசாவாவது நம்ம தெருவுக்கு வந்திருக்கும்.

லைட்டரைப் பத்தி நீ பேசவே மாட்டேங்க. பேசுனா வயித்தைக் கலக்குதோ என்னமோ. பத்து ரூவா பிளாஸ்டிக் லைட்டரு இருபது தீப்பெட்டி வேலையைச் செய்யுதுன்னு 2022-ல முதலமைச்சரே டெல்லிக்குக் கடுதாசி எழுதியிருக்காரு. பெட்டி ஒரு ரூவாயா இருந்தப்ப இருபது பெட்டி இருபது ரூவா, லைட்டரு பத்து. ரெண்டு ரூவா ஆக்குனதும் நாப்பது, லைட்டரு அதே பத்து. நம்ம விலையை நாமளே ஏத்தி எதிராளிக் கடைக்கு வழி காட்டுனோம். 2023 ஜூன்ல இருவது ரூவாய்க்குக் கீழ உள்ள லைட்டரை எறக்குமதி பண்ணக்கூடாதுன்னாக. பட்டாசு வெடிச்சுக் கொண்டாடுனோம். லைட்டரு வாரது நின்னுச்சு, அதோட பாகம் பாகமா வர ஆரம்பிச்சுச்சு, இங்க வச்சுப் பூட்டுனாக. 2024 அக்டோபர்ல பாகத்துக்கும் தடை போட்டாக. அடுத்து என்ன வருமோ எனக்குத் தெரியாது, ஆனா என்னமோ வரும். பத்து ரூவாய்க்கும் நாப்பது ரூவாய்க்கும் நடுவுல அவ்வளவு பெரிய பள்ளம் கெடந்தா, அதுல தண்ணி பாயாம இருக்காது. நீ வியாபாரத் திட்டம்னு பேங்குக்கு எழுதிக் குடுத்த தாள்ல போட்டிங்கிற தலைப்புல பக்கத்து ஆபீஸ் பேரு ஏழு எழுதியிருக்க. லைட்டரு அதுல இல்லவே இல்லை.

கணக்குல ஏறாத செலவுன்னு ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிருதேன், இதுல கேலி கெடையாது. இந்தச் சீமைத் தீப்பெட்டி ஒரு காலத்துல ஏன் அத்தனை மலிவா இருந்துச்சுன்னு யாரும் புஸ்தகத்துல தேட வேண்டாம். விடியுமுன்னால வண்டியில ஏத்திக் கொண்டுபோன பிள்ளைக விரலைப் பாத்தாப் போதும். அந்தப் பிள்ளைக தொலைச்ச பள்ளிக்கூடத்துக்கு எந்த முதலாளி பேரேட்டுலயும் ஒரு வரி கெடையாது. 1996-ல சுப்ரீம் கோர்ட்டு இதே சிவகாசி வழக்குல, ஆபத்தான தொழில்ல வச்ச ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி இருவதாயிரம் ரூவா கட்டணும்னு தீர்ப்பு எழுதுன பெறகுதான், அது ஒரு செலவுங்கிறதே பல பேருக்குப் புத்தியில ஏறுச்சு. நீ பேரேட்டுல இல்லைங்கிறதுக்காக ஒரு செலவு இல்லைன்னு நினைக்கிற ஆளா ஆயிராத.

அந்தப் பேச்சுலேருந்தே உன் லாபத்துக்கு வாரேன்.

போன வருசம் ஆறு லட்சம் லாபம்னு ஆச்சிகிட்டச் சொல்லி, அவ தெரு பூராச் சொல்லிட்டா. அந்த ஆறு லட்சத்தைக் கொஞ்சம் ஒதறிப் பாப்போமா? நீ காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் ஆபீஸ்ல கெடக்க. உனக்குச் சம்பளம் எழுதிக்கிட்டியா? இல்லை. கேட்டா, "நம்ம கம்பெனிதானே தாத்தா." சென்னையில வேலைக்குப் போயிருந்தா மாசம் நாப்பதாயிரம் தாரேன்னு ஒருத்தன் கடுதாசி குடுத்தானே, அது என்ன ஆச்சு? வருசத்துக்கு நாலே முக்கால் லட்சம் சொச்சம். அதை விட்டுட்டுத்தான இங்க ஒக்காந்திருக்க? அதைக் கழி. உங்கப்பன் வங்கியில போட்டு வச்சிருந்த பணத்தை எடுத்து மூலதனமாப் போட்ட, அதுக்கு வட்டி கெடைச்சிருக்கும்லா? அதையும் கழி. இப்ப ஆறு லட்சத்துல என்ன நிக்குது? டீக்காசு நிக்குது.

அதையும் முழுசா வச்சுக்கிட முடியாது. இந்த ஆபீஸு நடக்குத செட்டு யாரோடது? தாத்தாவோடது. வாடகை எவ்வளவு எழுதியிருக்க? பூஜ்யம். "சொந்த எடம், வாடகைச் செலவு மிச்சம்"னு பேங்குக்குக் குடுத்த தாள்ல பெருமையா வேற எழுதியிருக்க. போன மாசம் ஒரு கடலைமிட்டாய்க்காரரு இதே செட்டை மாசம் பதினெட்டாயிரத்துக்குக் கேட்டு வந்தாரு. பேரன் தொழில் பண்ணுதான்யான்னு சொல்லித் திருப்பி அனுப்புனேன். சும்மா கெடைக்கிற எடம்னு நீ நினைச்சது மாசம் பதினெட்டாயிரம் எனக்கு நட்டம். வருசத்துக்கு ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரம். இத்தனை நாளும் உன் லாபத்தை நான்தான் குடுத்துக்கிட்டிருந்திருக்கேன், ஆச்சி அதைத் தெரு பூரா உன் பேர்ல சொல்லியிருக்கா.

தொழிலை மூடச் சொல்லுதேன்னு முகத்தைத் தூக்காத. மூட வேண்டாம். உண்மையான லாபம் எவ்வளவுன்னு தெரிஞ்சு நடத்து, இல்லை சென்னைக்குப் போ, ரெண்டும் மரியாதையான வேலைதான். ஆனா ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணுமுன்னால பேரேட்டைத் தொறந்து வாடகைன்னு ஒரு வரி எழுது. கடலைமிட்டாய்க்காரரு சொன்ன விலையே எனக்குப் போதும், கூட வேண்டாம். ஒண்ணாந்தேதி காலையில பத்து மணிக்குள்ள கையில வந்திரணும். அட்வான்ஸ் கேக்கல, நீ பேரன்லா.